புகார் அட்டவணையிலிருந்து மாடல் வரை: போஸ்ட்கிரெஸ், என்8என், ஒல்லாமா மூன்றையும் இணைத்த வேலைக் குறிப்பு

கோவையில் பம்ப் செட்டுகளுக்குச் சர்வீஸ் செய்யும் ஒரு நிறுவனத்துக்காகச் செய்த வேலை இது. விவசாயிகளும் அடுக்குமாடிச் சங்கத்தினரும் தொலைபேசியில் சொல்லும் புகார்களைச் சிலர் உட்கார்ந்து கணினியில் ஏற்றுகிறார்கள். எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரே அட்டவணையில் போய்ச் சேரும். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு வகை தேர்ந்தெடுக்க வேண்டும்: காயில் எரிந்தது, ஸ்டார்ட்டர் கோளாறு, கெப்பாசிட்டர், ஃபுட் வால்வு, மும்முனையில் ஒரு முனை இல்லை என்று பட்டியல் நீளம். பெரும்பாலான பதிவுகளில் 'மற்றவை' என்றே இருந்தது. எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. பயிர் காய்கிறது என்று மறுமுனையில் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது யாரும் பட்டியலில் மேலும் கீழும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அவர்கள் கேட்டவை இரண்டு. புகாரைப் படித்து வகையைத் தானாகப் போட வேண்டும். அதே போன்ற பழைய புகார்கள் நான்கைந்தையும், அவை எப்படிச் சரியாயின என்பதையும் மெக்கானிக் கிளம்பும் முன் அவர் கைபேசிக்கு அனுப்ப வேண்டும். சரியான உதிரிப் பாகத்தை எடுத்துக்கொண்டு போனால் ஒரு பயணம் மிச்சம்.

இந்த வகை வேலைகளை விளக்கும் படங்களில் டேட்டாபேஸ் இடது ஓரத்தில் இருக்கும், செயற்கை நுண்ணறிவு மாடல் வலது ஓரத்தில் இருக்கும், நடுவே ஓர் அம்புக்குறி. மாடலை அழைப்பது நாலு வரி வேலை. மற்ற உழைப்பெல்லாம் அந்த அம்புக்குறிக்குத்தான் போயிற்று. அதனால் இந்தக் குறிப்பும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

எடுத்துக்கொண்ட கருவிகள்: ஏற்கெனவே இருந்த போஸ்ட்கிரெஸ், அதில் வெக்டர்களை (உரையின் பொருளைக் குறிக்கும் எண் வரிசைகளை) சேமிக்க பிஜிவெக்டர் நீட்சி, பணியோட்டத்துக்கு, அதாவது வேலைகளைப் படிப்படியாகத் தானே நடத்த, டாக்கரில் (மென்பொருளை 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓடும் என்8என், மாடல்களை அலுவலகச் சர்வரிலேயே ஓட்ட ஒல்லாமா. எம்பெடிங்குக்கு, அதாவது உரையை வெக்டராக மாற்ற, பிஜிஇ-எம்3 மாடல். நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளுக்கென்று 2024இல் வந்தது, தமிழுக்கும் பயன்படுகிறது, 1024 எண்கள் கொண்ட வெக்டரைத் தருகிறது. வெளிச் சேவையை விடுத்து உள்ளேயே ஓட்டக் காரணம், புகார்களில் பெயர், ஊர், தொலைபேசி எண் எல்லாம் கலந்து கிடப்பதுதான். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறிவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு விவசாயியின் எண்ணை முன்பின் தெரியாத சர்வருக்கு அனுப்ப எனக்கு மனம் வராது.

முதலில் எழுத்தைச் சுத்தம் செய்தேன். தமிழ் உரையை டேட்டாபேஸில் வைத்திருக்கும் எவரும் ஒருமுறையாவது பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் இது. 'மோட்டார்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'மோ'வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பைட் நீளத்தைக் கேட்டால் முதலாவது 24 என்கிறது, இரண்டாவது 27 என்கிறது. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். இந்த அட்டவணையில் அதிகம் வரும் சொல்லே இரண்டு உருவில் இருந்தது. எந்தக் கணினியில் எந்தத் தட்டச்சு மென்பொருள் இருந்ததோ அதன்படி. சமன்பாட்டுக் குறி வைத்துத் தேடினால் ஒரு பாதி மட்டும் அகப்படும்.

இப்படி இரண்டு உருவில் இருப்பதை ஒரே உருவுக்குக் கொண்டுவரும் 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு போஸ்ட்கிரெஸ் 13 முதல் உள்ளேயே இருக்கிறது. அதைக் கொண்டு 'சுத்த உரை' என்று தானாகக் கணக்கிடப்படும் ஒரு புலம் (அட்டவணையின் நெடுவரிசை) சேர்த்தேன். மூல உரையைத் தொடவில்லை. ஔகாரத்தில் மட்டும் இந்த மருந்து பலிக்காது: ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் 'ள' எழுத்தும் தட்டியிருந்தால் அது யூனிகோடுக்கு வேறு சொல்தான். அவற்றுக்குத் தனியாக ஒரு மாற்றுப் பட்டியல் வைத்தேன். பத்து இலக்கத் தொலைபேசி எண்களை மறைப்பதும் இதே புலத்தில் நடக்கிறது. நம் ஊரில் எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்து நடுவில் இடைவெளி விட்டு எழுதும் பழக்கம் உண்டு. தேடும் வடிவத்தில் அதற்கும் இடம் கொடுக்காவிட்டால் பாதி எண்கள் தப்பித்துப் போய்விடும்.

எக்செல்லில் இருந்து கொண்டுவரப்பட்ட பழைய பதிவுகள் சில பாமினி எழுத்துருவில் இருந்தன. கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல் மட்டுமே. மாடல் அதற்கும் ஒரு வெக்டர் கொடுக்கும். பிழை என்று எதுவும் வராது, வெக்டரில் பொருளும் இருக்காது. பாமினியில் புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறி. ஆகவே சொல்லின் நடுவே அரைப்புள்ளி அடிக்கடி வரும் பதிவுகளைத் தேடிப் பிடித்து, ஒதுக்கி, யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்தேன்.

இனி அம்புக்குறி. என்8என்னில் போஸ்ட்கிரெஸ் ட்ரிகர் என்றே ஒரு நோட் (பணியோட்டத்தின் ஒரு படி) இருக்கிறது. அட்டவணையில் புதுப் பதிவு விழுந்தால் பணியோட்டம் உடனே கிளம்பும். பார்த்தவுடன் கை அதன் பக்கம்தான் போகும். நான் அதைப் பயன்படுத்தவில்லை. அது போஸ்ட்கிரெஸின் அறிவிப்பு வசதியை நம்பி இயங்குகிறது. கேட்பதற்கு ஆள் இல்லாத நேரத்தில் வந்த அறிவிப்பு காற்றோடு போயிற்று. சேமித்து வைத்துப் பிறகு தருவது அதன் வேலையல்ல. என்8என்னைப் புதுப்பிக்க இரண்டு நிமிடம் நிறுத்தினால் அந்த இரண்டு நிமிடப் புகார்கள் மாடலைப் பார்க்காமலேயே போகும். யாருக்கும் தெரியவும் தெரியாது.

இன்னொன்று இதைவிடக் கெட்டது. அறிவிப்போடு அனுப்பும் உரை 8000 பைட்டுக்குள் இருக்க வேண்டும். பதிவை அப்படியே ஜேசன் என்ற உரை வடிவமாக்கி அனுப்பினால், ஒரு குறிக்கு மூன்று பைட் என்ற கணக்கில், தமிழில் சுமார் 2,600 குறிகளிலேயே எல்லை வந்துவிடும். ஆங்கிலத்தில் சோதித்தவர்களுக்கு இது கண்ணில் படாது. எல்லை தாண்டினால் பிழை எழுவது டேட்டாபேஸின் ட்ரிகருக்குள் (பதிவு சேரும்போது தானாக ஓடும் கட்டளை). அதனால் அறிவிப்போடு புகாரைச் சேமிக்கும் டிரான்ஸாக்‌ஷனும் (ஒன்றாகவே நிறைவேறும் அல்லது ஒன்றாகவே ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு) சேர்ந்து ரத்தாகும். மாடலுக்கு அனுப்பும் ஏற்பாட்டால் புகாரைப் பதிவே செய்ய முடியவில்லை என்றால் வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது?

அதற்குப் பதில் 'வேலை வரிசை' என்று ஓர் அட்டவணை போட்டேன். புகார் எண், நிலை, எடுத்த நேரம், முயற்சி எண்ணிக்கை, அடுத்து முயல வேண்டிய நேரம், கடைசிப் பிழை. புகார் சேரும்போது அதே டிரான்ஸாக்‌ஷனில் ட்ரிகர் இங்கே ஒரு வரி சேர்க்கிறது. புகார் சேர்ந்தால் வேலையும் சேரும். புகார் ரத்தானால் வேலையும் இல்லை. என்8என் நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, இருப்பதை எடுத்துப்போகும். அது மூன்று மணி நேரம் செத்துக் கிடந்தாலும், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். எது முடிந்தது, எது பாக்கி என்ற கணக்கு முழுவதும் டேட்டாபேஸில்தான். பணியோட்டக் கருவி எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை, வைத்திருக்கவும் கூடாது. இந்த வேலையில் நான் பிடிவாதமாக நின்ற இடம் இது ஒன்றே.

புகார் திருத்தப்பட்டாலும் மாடலுக்கு மறுபடி போக வேண்டும். இங்கே ஒரு சுழல் காத்திருக்கிறது. பணியோட்டம் வகையைக் கண்டுபிடித்து அதே புகார்ப் பதிவில் எழுதும். பதிவு மாறியதால் ட்ரிகர் மறுபடி எழும். பணியோட்டம் மறுபடி ஓடும். விடியும்வரை இதே கதை. 'இந்தப் புலம் மாறினால் மட்டும்' என்று ட்ரிகரில் புலத்தின் பெயரைக் குறித்தால் போதும் என்று தோன்றும். போதாது. கட்டளையில் அந்தப் புலத்தின் பெயர் வந்தாலே ட்ரிகர் எழுந்துவிடும், மதிப்பு மாறியதா என்று பார்க்காது. பெரும்பாலான செயலிகள் சேமிக்கும்போது எல்லாப் புலங்களையும் சேர்த்தே எழுதுகின்றன. ஆகவே பழைய உரையும் புதிய உரையும் உண்மையிலேயே வேறுபட்டால் மட்டும் என்ற நிபந்தனையை ட்ரிகரிலேயே வைத்தேன். மாடல் தரும் முடிவுகளையும் தனி அட்டவணைக்கு நகர்த்திவிட்டேன்.

வரிசையிலிருந்து வேலையை எடுப்பதற்கு 'ஸ்கிப் லாக்டு' என்ற வசதி போஸ்ட்கிரெஸ் 9.5இலிருந்தே இருக்கிறது. ஒருவர் பூட்டிய பதிவைக் காத்திருக்காமல் தாண்டி, அடுத்ததை மற்றவர் எடுத்துக்கொள்வார். தேர்ந்தெடுத்துப் பூட்டு, மாடலை அழை, விடையை எழுது, டிரான்ஸாக்‌ஷனை முடி என்பது பாடப்புத்தக வழி. என்8என்னில் அது நடக்காது. அங்கே ஒவ்வொரு போஸ்ட்கிரெஸ் நோடும் தன் வேலையை முடித்ததும் டிரான்ஸாக்‌ஷனை மூடிவிடும். பூட்டும் அத்தோடு அவிழ்ந்துவிடும். மாடலை அழைக்கும் அடுத்த நோடுக்குப் போகும்போது கையில் பூட்டே இருக்காது. முந்தைய ஓட்டம் முடிவதற்குள் அடுத்த நிமிடத்து ஓட்டம் தொடங்கினால் இரண்டும் ஒரே புகாரைச் சுமந்துகொண்டிருக்கும்.

எனவே எடுப்பதையும் குறிப்பதையும் ஒரே கட்டளையில் அடக்க வேண்டியிருந்தது. காத்திருப்பவற்றில் இருபதைப் பூட்டித் தேர்ந்தெடுத்து, அவற்றின் நிலையை 'எடுக்கப்பட்டது' என்று மாற்றி, நேரத்தைக் குறித்து, முயற்சி எண்ணிக்கையில் ஒன்று கூட்டி, அந்த இருபதையும் திருப்பித் தரும் ஒரே அப்டேட். கட்டளை முடிந்தபின் பூட்டு தேவையில்லை. நிலைப் புலமே பூட்டு. எடுத்துப் பத்து நிமிடமாகியும் முடியாதவற்றைச் செத்துப்போன ஓட்டத்தின் மிச்சம் என்று கருதி, மறுபடி எடுக்கலாம் என்ற நிபந்தனையையும் அதே கட்டளையில் சேர்த்தேன். இதனால் அபூர்வமாக ஒரு புகார் இரண்டு முறை மாடலுக்குப் போகலாம். போகட்டும். விடையை எழுதும்போது புகார் எண், மாடல் பெயர் இரண்டையும் சேர்த்துத் தனித்துவச் சாவியாக வைத்திருப்பதால் இரண்டாவது முதலாவதன் மேல் எழுதப்படும், அவ்வளவுதான். மாடல் பெயர் சாவியில் இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு மாடலின் வெக்டரை இன்னொரு மாடலின் வெக்டரோடு ஒப்பிட முடியாது. நாளைக்கு மாடலை மாற்றும்போது புதியது முழுவதும் தயாராகும்வரை பழையது அப்படியே வேலை செய்யும்.

டாக்கருக்குள் இருக்கும் என்8என் ஒல்லாமாவை அழைக்கும் இடத்தில் பலர் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒல்லாமா 11434 போர்ட்டில் இருக்கும். உலாவியில் 'லோக்கல்ஹோஸ்ட்' (இதே கணினி) என்று போட்டால் வரும், என்8என்னில் அதையே போட்டால் வராது. கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர்தான். 'ஹோஸ்ட் டாட் டாக்கர் டாட் இன்டர்னல்' என்ற முகவரியைப் பயன்படுத்த வேண்டும். லினக்ஸில் அதுவும் தானாக வராது, 'எக்ஸ்ட்ரா ஹோஸ்ட்ஸ்' பகுதியில் 'ஹோஸ்ட்-கேட்வே' என்று எழுதிச் சேர்க்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் மறுத்தால், ஒல்லாமா 127.0.0.1இல் மட்டும், அதாவது தன் கணினிக்குள் மட்டும், காது கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதன் ஹோஸ்ட் சூழல் மாறியை மாற்றுங்கள், கையோடு ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை வெளியாட்களுக்கு மூடியும் விடுங்கள். ஒல்லாமாவின் வாசலில் கடவுச்சொல் கேட்க ஆள் இல்லை.

ஒல்லாமா ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் மாடலை நினைவகத்திலிருந்து இறக்கிவிடும். புகார் வராத மதிய வேளைக்குப் பின் வரும் முதல் அழைப்பு மட்டும் தாமதமாகும். 'கீப் அலைவ்' அளவைக் கூட்டினால் சரியாகிவிடும். இருபது உரைகளையும் ஒரே அழைப்பில் பட்டியலாக அனுப்பினால் இருபது வெக்டர்களும் அதே வரிசையில் திரும்பி வரும்.

வெக்டரை டேட்டாபேஸில் எழுதும்போது காற்புள்ளி வில்லனாக வருகிறது. என்8என்னின் போஸ்ட்கிரெஸ் நோடில் வினவலுக்கான மதிப்புகளைக் காற்புள்ளியிட்டு அடுக்கிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. 1024 எண்கள் கொண்ட வெக்டரோ முழுக்கவும் காற்புள்ளிதான். மதிப்புகளை ஓர் எக்ஸ்பிரஷனாக, அணியாகவே கொடுத்தால் வெட்டுப்படாது. நான் இருபது விடைகளையும் ஒரே ஜேசனாகக் கட்டி, ஒரே மதிப்பாகக் கொடுத்து, பிரிக்கும் வேலையை போஸ்ட்கிரெஸிடம் விட்டுவிட்டேன். ஒரு வெக்டருக்கு 4104 பைட் ஆகிறது. இத்தனை ஆண்டுப் புகார்களுக்கும் சேர்த்துப் பார்த்தால்கூட வட்டில் பெரிய இடமில்லை.

ஒத்த புகார்களைத் தேடியபோது முதலில் வந்தது மகிழ்ச்சி. "மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை" என்பதற்கு "சத்தம் மட்டும் கேட்கிறது, டெலிவரி குழாய் காய்ந்து கிடக்கிறது" என்ற பழைய புகார் வந்து நின்றது. இரண்டிலும் பொதுச் சொல் ஒன்றுகூட இல்லை. அதற்கு ஃபுட் வால்வைச் சுத்தம் செய்து தண்ணீர் நிரப்பி ஓட்டியதாகத் தீர்வுக் குறிப்பு இருந்தது. மூத்த மெக்கானிக் ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, கிணற்று மோட்டாருக்குச் சரி, போர்வெல்லில் இறங்கியிருக்கும் நீர்மூழ்கி மோட்டாருக்கு ஃபுட் வால்வு எங்கிருந்து வரும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மும்முனை மோட்டாரில் இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: லைனில் வேலை நடந்த பிறகு இரண்டு முனைகள் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், தண்ணீர் சரியாக ஏறாது. பேனல் போர்டில் இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. ஒற்றை முனை மோட்டாருக்கு இந்தப் பேச்சே இல்லை.

எம்பெடிங்குக்கு இந்த வேறுபாடுகள் மங்கலாகத்தான் தெரியும். தண்ணீர் வருகிறது, வரவில்லை இரண்டையும்கூட அது பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறது. ஆகவே பம்ப் ரகம், முனை எண்ணிக்கை போன்ற உறுதியான செய்திகளை மாடலிடம் விடாமல், டேட்டாபேஸ் வினவலில் நிபந்தனையாக வைத்தேன். வைத்ததும் பட்டியல் சுருங்கியது. தேடலை விரைவாக்க பிஜிவெக்டர் தரும் எச்என்எஸ்டபிள்யூ இன்டெக்ஸ் முதலில் அருகிலுள்ள நாற்பதை எடுக்கும், நிபந்தனையை அதன் பிறகே பார்க்கும். நிபந்தனைக்குப் பத்தில் ஒரு பதிவு பொருந்துமானால் மிஞ்சுவது நான்கு. 0.8 பதிப்பில் போதுமான அளவு கிடைக்கும்வரை தொடர்ந்து தேடும் வசதி வந்திருக்கிறது. இங்கே அதற்கும் தேவை எழவில்லை. இன்டெக்ஸையே நீக்கினேன். சில பத்தாயிரம் பதிவுகளை நேராக ஒப்பிட்டுப் பார்ப்பதில் மனிதக் கண்ணுக்குத் தெரியும் தாமதம் இல்லை, விடையும் துல்லியம். லட்சக் கணக்கில் போகும்போது இன்டெக்ஸைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம்.

வகைப்படுத்தலுக்குப் பெரிய மொழி மாடலை முதலிலேயே கூப்பிடவில்லை. ஆட்கள் கையால் வகை குறித்த பழைய புகார்கள் இருக்கின்றன. அவற்றில் மிக அருகிலுள்ள ஏழு புகார்களை எடுத்து, ஐந்துக்கு மேல் ஒரே வகையாக இருந்தால் அதுவே விடை. முழுவதும் டேட்டாபேஸுக்குள் முடிந்துவிடுகிறது, ஏன் அந்த விடை வந்தது என்று கேட்டால் அந்த ஏழு புகார்களையும் காட்டலாம். ஓட்டு சிதறியவை மட்டும் இரவில் ஜெம்மா 3 என்ற மொழி மாடலின் 4 பில்லியன் அளவுருப் பதிப்புக்குப் போகின்றன. விடையை ஜேசன் வடிவத்தில், கொடுத்த பட்டியலுக்குள் மட்டும் தரும்படி ஒல்லாமாவில் கட்டுப்படுத்தலாம். அப்படியும் வகை அட்டவணையோடு அயல் சாவி போட்டிருக்கிறேன். பட்டியலில் இல்லாத எதையும் போஸ்ட்கிரெஸ் உள்ளே விடாது. எவ்வளவு உறுதி என்று மாடலையே சதவீதம் போடச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆகவே கேட்கவும் இல்லை. மாடல் சொன்ன வகைக்கு ஒரு புலம், மெக்கானிக் திரும்பி வந்து உறுதிசெய்த வகைக்கு வேறொரு புலம். முதலாவது இரண்டாவதைத் தொடவே முடியாதபடி என்8என்னின் டேட்டாபேஸ் பயனருக்கு அந்தப் புலத்தில் எழுதும் உரிமையே தரவில்லை. பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள மூல அட்டவணையைப் படிக்கும் உரிமையும் அதற்கு இல்லை. சுத்த உரை மட்டும் தெரியும் ஒரு வியூ போதும்.

இரவு வேலை என்றதும் ஒரு குறிப்பு. என்8என்னை அப்படியே நிறுவினால் அதன் கடிகாரம் நியூயார்க் நேரத்தில் இருக்கும். அதிகாலை 2 மணிக்கு என்று குறித்த வேலை, அங்கே கோடை நேரமானால் இங்கே பகல் 11.30க்கும், குளிர்காலமானால் 12.30க்கும் ஓடும். தொலைபேசி ஓயாத நேரம் அது. பொது நேரமண்டல மாறியில் ஆசியா/கொல்கத்தா என்று போட்டுவிடுங்கள்.

தோல்விகளுக்கு: ஒரு புகார் தோற்றால் அடுத்த முயற்சி நேரம் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகத் தள்ளிப்போகும். ஐந்தாவதிலும் தோற்றால் நிலை 'நின்றது' என்று மாறி, பிழை ஓட்டம் என்ற தனிப் பணியோட்டம் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும். வரிசையில் மிகப் பழைய வேலையின் வயது பதினைந்து நிமிடத்தைத் தாண்டினாலும் மின்னஞ்சல். இந்த இரண்டாவது எச்சரிக்கையை என்8என்னில் வைக்கவில்லை. அதுவே படுத்துவிட்டால் யார் சொல்வது? சர்வரின் க்ரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதி) ஒரு சிறு ஸ்கிரிப்ட்டாக இருக்கிறது.

பேக்கப்பில் போஸ்ட்கிரெஸ் ஏற்கெனவே இருந்தது. என்8என் பக்கம் பணியோட்டங்களோடு அதன் குறியாக்கச் சாவியையும் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். முதன்முறை தொடங்கும்போது அது தானே ஒரு சாவியை உருவாக்கித் தன் அமைப்புக் கோப்பில் எழுதிக்கொள்கிறது. அந்தச் சாவி இல்லாமல் பேக்கப்பை வேறு சர்வரில் ஏற்றினால் பணியோட்டங்கள் எல்லாம் வரும், சேமித்த கடவுச்சொற்கள் மட்டும் திறக்காது.